கண்ணால் பார்த்தேன் என்றவள்

பேருந்து நிலையத்தில் எந்த வண்டி எந்த மேடையிலிருந்து புறப்படும் என்று ஒலிபெருக்கியில் சொல்வதுதான் அவளுடைய வேலை. பார்சல் அலுவலகத்துக்கு மேலே, இரும்புப் படி ஏறிப் போனால் ஒரு சின்ன அறை. மேசை, மைக், கழுத்து திரும்பாத ஒரு மின்விசிறி, கீழே மேடைகள் தெரிகிற மாதிரி ஒரு கண்ணாடிச் சன்னல். பயணிகள் யாரும் அவள் முகத்தைப் பார்த்ததில்லை. குரலைத் தெரியாதவர்களும் இல்லை. மூட்டை தூக்குகிறவர்கள் அவளுக்கு மைக்கக்கா என்று பெயர் வைத்தார்கள். நாளடைவில் நிலைய மேலாளரே சம்பளப் பட்டியலைப் பார்த்துத்தான் அவளுடைய சொந்தப் பெயரைக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

குரல் அப்படிப்பட்டது. இழுக்காது, விரட்டாது. வண்டி இன்று வராது என்று அவள் அறிவித்தால்கூட, யாரோ வீட்டு மனுஷி பக்கத்தில் உட்கார்ந்து ஆறுதல் சொல்வதுபோல இருக்கும். ஒருமுறை கூட்டத்தில் ஒரு சிறுமி தொலைந்து போனாள். காணாமல் போன குழந்தையின் சட்டை நிறத்தை அறிவிப்பதுதான் வழக்கம். மைக்கக்கா அப்படிச் செய்யாமல் அந்தக் குழந்தையோடு நேராகவே பேசினாள். "கண்ணு, நீ நிக்கிற எடத்துலயே நில்லு. அழுவாத. உங்கம்மா இப்ப உன்னைப் பாத்துக்கிட்டேதான் வர்றாங்க." பிள்ளை கழிப்பறைச் சுவரோரம் அசையாமல் நின்றிருந்தது. அன்றிலிருந்து அவள் சொன்னால் அது நடக்கும் என்று நிலையத்தில் ஒரு பேச்சு.

அவளுடைய கணவர் தையற்காரர். வீட்டு முன்னறையில் இரண்டு தையல் மெஷின். பள்ளிச் சீருடைகள்தான் பெரும்பாலும். "ஊருக்கெல்லாம் தேனு, ஊட்டுக்கு வந்தா தேளு" என்று அவளைக் கிண்டல் செய்வார். அவளும் விடமாட்டாள். "தேளு கொட்டும்படியா நீங்க ஏன் நடந்துக்கறீங்க?" என்பாள். மகளைக் கட்டிக்கொடுத்தாயிற்று. பெரிய குறையில்லாத வாழ்க்கை.

அந்த இரும்புப் படியில் ஒருநாள் ஒரு மனிதர் ஏறி வந்தார். மடிப்புக் கலையாத சட்டை, மெதுவான பேச்சு. குழந்தைகள் இல்லம் ஒன்றின் செயலாளர் என்று அறிமுகம் செய்துகொண்டார். எல்லைக்கு அப்பால் நடந்த சண்டையில் பெற்றோரை இழந்த பிள்ளைகளை மலைப்பக்கம் ஓர் இல்லத்தில் வைத்து வளர்ப்பதாகச் சொல்லிப் படங்களைக் காட்டினார். தட்டோடு வரிசையில் நிற்கிற பிள்ளைகள். கையில் கட்டுப்போட்ட ஒரு பையன். மொட்டைத் தலையோடு ஒரு பெண்குழந்தை.

"ஆட்டோவுல ஒலிபெருக்கி கட்டித் தெருத் தெருவா போகப்போறோம் மேடம். யார் யாரோ பேசிப் பாத்தாச்சு. ஒருத்தரும் நின்னு கேக்கல. இந்த ஊர்ல ஜனங்க நின்னு கேக்கற குரல் உங்களுது ஒண்ணுதான்."

அவளுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. இத்தனை வருடத்தில் அந்த அறைக்கு ஏறி வந்து யாரும் அவளைப் புகழ்ந்ததில்லை. புகார் சொல்லத்தான் வந்திருக்கிறார்கள். அவர் சம்பளப் பேச்சை எடுத்தபோது அவள் கையை ஆட்டி மறுத்தாள்.

"புள்ளைங்க விஷயத்துக்குக் காசு வாங்குவாங்களா சார்?"

கல்யாண வீடியோ எடுக்கிற ஒரு ஸ்டூடியோவில் பதிவு வைத்தார்கள். சத்தம் விழும் என்று மின்விசிறியை நிறுத்திவிட்டார்கள். சுவரெல்லாம் பஞ்சு ஒட்டிய அந்த அறையில் புழுக்கம் தாங்கவில்லை. செயலாளர் ஒரு தாளைக் கொடுத்தார். அவள் வாசித்துக்கொண்டே வந்து நடுவில் நின்றாள்.

தாளில் இப்படி இருந்தது: 'அந்தக் குழந்தைகளை நான் என் கண்ணால் பார்த்தேன். ஒரு பிள்ளை என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.'

"சார், இத நான் பாக்கலையே."

"படத்துல பாத்தீங்கல்ல மேடம்?"

"படத்துல பாக்கறதும் நேர்ல பாக்கறதும் ஒண்ணா சார்? ஒரு தடவ கூட்டிட்டுப் போங்க. பாத்துட்டு வந்து மனசாரப் பேசறேன்."

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. சிரித்தார். "கண்டிப்பா கூட்டிட்டுப் போறேன். மழையில இல்லத்துக்குப் பிரியற மலைரோடு பேத்துக்கிட்டுக் கெடக்குது. சரியானதும் நானே வண்டி அனுப்பறேன். அதுவரைக்கும் அந்தப் புள்ளைங்க பட்டினியாக் கெடக்கட்டும்னா சொல்லுங்க, தாளை மடிச்சு வெச்சிடறேன்."

அவள் வாசித்தாள். முதல்முறை வாசித்தது அவளுக்கே பிடிக்கவில்லை. வண்டி நேரம் அறிவிக்கிற மாதிரி இருந்தது. இன்னொரு முறை வாசிக்கிறேன் என்று அவளாகத்தான் கேட்டாள். இரண்டாம் முறை, 'விடவே இல்லை' என்ற இடத்தில் ஒரு கணம் நிறுத்தி, மூக்கை மெல்ல உறிஞ்சினாள். அது தாளில் இல்லாதது. ஸ்டூடியோக்காரர் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்.

ஆட்டோ ஊரைச் சுற்றியது. பேருந்து நிலையத்தில், கடைவீதியில், மலைக்கு அந்தப் பக்கமிருந்த சந்தை ஊரில், எங்கே பார்த்தாலும் அவள் குரல். கடைகளில் இல்லத்தின் உண்டியல்கள் முளைத்தன. மூட்டை தூக்குகிறவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் என்று வாராவாரம் சேர்த்தார்கள். அவர்களில் மூத்தவரை எல்லாரும் மூட்டைக்காரர் என்றே கூப்பிடுவார்கள். அவர்தான் அதை வசூலித்துக் கொண்டுபோய்ப் போடுவார். "மைக்கக்கா போய்ப் பாத்துட்டு வந்திருக்கு, அப்புறம் என்னடா யோசனை?" என்று அவர் ஆட்களை அதட்டுவது சன்னல் வழியே அவளுக்கே கேட்டிருக்கிறது. கேட்டபோது அவரைக் கூப்பிட்டு உண்மையைச் சொல்லிவிடலாமா என்று தோன்றியது. ஆனால் புண்ணியம் சேர்கிறது என்ற நினைப்பு அதை அமுக்கிவிட்டது.

கணவர் மட்டும் ஒருநாள், பல்லில் நூலைக் கடித்துக்கொண்டே கேட்டார்.

"ஆமா, நீ எப்ப போய்ப் பாத்த?"

"ரோடு சரியானதும் போகணும்."

"போகாமலேவா பாத்தேன்னு சொன்ன?" மெஷினை நிறுத்திவிட்டார். "அளவு எடுக்காம நான் துணியில கத்திரி வெக்க மாட்டேன், தெரியுமில்ல?"

"நல்ல காரியத்துல நொட்டை சொல்லாதீங்க" என்று அவள் உள்ளே போய்விட்டாள்.

செயலாளரிடம் பிறகு இரண்டு முறை கேட்டாள். ஒருமுறை, குழந்தைகளுக்கு அம்மை என்றார். இன்னொரு முறை, பரீட்சை நேரம் என்றார். அதற்குமேல் கேட்க அவளுக்கே கூச்சமாகிவிட்டது. சந்தேகப்படுகிறாள் என்று அவர் நினைத்துவிட்டால் மரியாதையாக இருக்காதே! இப்படித்தான் அந்த வருடம் கழிந்தது.

ஒரு காலை, ஆறாம் மேடையில் சந்தை ஊர் வண்டி புறப்படத் தயாராக நின்றது. அறிவிக்க மைக்கை எடுத்தவளைக் கீழே இருந்து மேலாளர் கையை வீசித் தடுத்தார். சந்தையில் குண்டு வெடித்திருந்தது. கூட்டம் அதிகமாக இருக்கிற நேரம் பார்த்து, காய்கறிக் கடைகளுக்கு நடுவே வைத்திருந்தார்கள். அன்று முழுக்க அந்த ஊருக்கு வண்டி கிடையாது என்று அவள்தான் திரும்பத் திரும்பச் சொன்னாள். அவள் சொல்கிற பக்குவத்தைப் பார்த்து, உறவினரைத் தேடி வந்தவர்கள் அழுகையை அடக்கிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தார்கள்.

செத்தவர்களுக்காக நிலையத்தில் வசூல் நடந்தபோது முதல் ஆளாகக் கொடுத்தவளும் அவள்தான்.

சில வாரங்கள் போயின. ஒரு மத்தியானம் கணவர் செல்பேசியை எடுத்துக்கொண்டு நிலையத்துக்கே வந்துவிட்டார். தைக்கிற நேரத்தில் அவர் வீட்டுப் படியிறங்கி அவள் பார்த்ததில்லை. செய்தியில் செயலாளரின் படம் இருந்தது. மலைப்பக்கம் அவர் கொடுத்திருந்த முகவரியில் போலீஸ் போய்ப் பார்த்தபோது, பூட்டிக் கிடந்த ஒரு பழைய கிடங்குதான் இருந்ததாம். பிள்ளைகள் இல்லை, பாய் இல்லை, ஓர் அடுப்புகூட இல்லை. படங்கள் வேறேதோ நாட்டுப் பள்ளிக்கூடத்துப் படங்கள். உண்டியல் காசு கைமாறிக் கைமாறி ஓர் ஆயுதக் குழுவுக்குப் போயிருந்தது. சந்தையில் குண்டு வைத்தது அந்தக் குழுதான்.

கணவர் தண்ணீர் பாட்டிலைத் திறந்து அவள் முன்னே வைத்துவிட்டு, மூலையில் கிடந்த முக்காலியில் உட்கார்ந்துகொண்டார்.

அவள் நெஞ்சுக்குள் இடிந்து போயிருந்த அந்த நேரத்தில்தான் மூட்டைக்காரர் படியேறி வந்தார். கண் சிவந்திருந்தது.

"அக்கா, கேள்விப்பட்டீங்களா? படுபாவிங்க!" தலைத்துண்டை உதறித் தோளில் போட்டார். "உங்களுக்கும் எங்கேர்ந்தோ நாலு புள்ளைங்கள புடிச்சாந்து காட்டித்தானே ஏமாத்திருக்கானுங்க? நீங்க நேர்ல பாத்ததாலதான் நாங்க நம்பினோம். உங்களையே ஏமாத்திட்டானுங்கன்னா நாங்கல்லாம் எந்த மூலைக்கு?"

இல்லை தம்பி, நான் போகவே இல்லை என்று சொல்லத்தான் அவள் வாயைத் திறந்தாள். "ஆமா" என்று வந்தது.

மூட்டைக்காரர் அவளுக்காக இரக்கப்பட்டுத் தலையை ஆட்டிவிட்டு இறங்கிப் போனார். முக்காலியில் இருந்த கணவர் அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை. அவர் என்ன நினைக்கிறார் என்று தெரிந்துகொள்ள அது போதும் அவளுக்கு.

அந்த ஆமா அவளைத் தூங்கவிடவில்லை. செயலாளர் எழுதிக் கொடுத்ததை வாசித்தேன் என்று முதல் பொய்க்கு ஒரு சாக்காவது இருந்தது. இந்தப் பொய்யை அவளுக்கு யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. ஊரில் அவளை யாரும் திட்டவில்லை. டீக்கடைக்காரர், பழக்கடைக்காரி, ஓட்டுநர்கள் எல்லாரும் "பாவம், நம்ம மைக்கக்காவையும்ல ஏமாத்திட்டான்" என்றார்கள். அடித்தால்கூடத் தாங்கியிருப்பாள். ஆறாம் மேடை வண்டியை அறிவிக்கும்போதெல்லாம் சந்தை ஊரின் பெயரை மட்டும் அவசரமாகச் சொல்லிக் கடந்தாள்.

விசாரணைக்கு ஒரு பெண் அதிகாரி வந்தார். களைத்த முகம். மைக்கக்கா அவரிடம் எதையும் மறைக்கவில்லை. போகவில்லை, பார்க்கவில்லை, வாசித்தேன் என்று சொன்னாள். அதிகாரி எழுதிக்கொண்டார்.

"என்னைப் புடிச்சு உள்ள போடுவீங்களாம்மா?"

"நீங்க தெரிஞ்சு செய்யல. சாட்சிதான் நீங்க." பேனாவை மூடினார். "இந்தக் கூட்டம் கெட்டவங்ககிட்ட வந்து காசு கேக்காதும்மா. நல்ல மனசு இருக்கற எடமாப் பாத்துத்தான் கைய வெக்கும். குடுக்காதீங்கன்னு நாங்க சொன்னா உண்மையாக் கஷ்டப்படறவன் சாவான். எங்க போய்ச் சேருதுன்னு போய்ப் பாத்துட்டுக் குடுங்கன்னுதான் கத்திக்கிட்டுக் கெடக்கறோம். யாரு கேக்கறா?"

கொடுப்பது நின்றால் உண்மையாகக் கஷ்டப்படுகிறவர் சாவார் என்று அதிகாரி சொன்னதை அடுத்த மாதமே அவள் கண்டாள். பெரியாஸ்பத்திரிக்குப் பின்னால் ஒரு கூடம் இருந்தது. வெளியூரிலிருந்து வந்து சேரும் நோயாளிகளின் சொந்தக்காரர்கள் அங்கே தங்குவார்கள். படுக்க இடமும் இரண்டு வேளைச் சாப்பாடும் இலவசம். ஓய்வு பெற்ற ஒரு நர்ஸ் நடத்திவந்தார். அவரை எல்லாரும் பெரிய சிஸ்டர் என்பார்கள். மூட்டுவலியோடு அந்த அம்மாள் இரும்புப் படியேறி வந்து, மூச்சு வாங்க, நாற்காலியில் விழுந்தார்.

"ஒன் ஆட்டோ கூத்துக்கு அப்புறம் கடைக்காரங்க எல்லா உண்டியலையும் தூக்கி வீசிட்டாங்க, தெரியுமா? அதுல என்னோடதும் போச்சு. சந்தையில அடிபட்டவங்க குடும்பமெல்லாம் இப்ப என் கூடத்துலதான் கெடக்குது. கூட்டம் ரெண்டு மடங்கு. அரிசி பாதி."

"சிஸ்டர், என்ன இன்னொரு தடவ மைக்குல பேசச் சொல்லாதீங்க. என் நாக்கு வெளங்காத நாக்கு."

"பேசச் சொல்லி எவ கேட்டா?" பெரிய சிஸ்டர் சீறினார். "போர்வை தொவைக்க ஆளில்ல. வர்றியா?"

வேலை முடிந்ததும் போனாள். நீளமான கூடம், தகரக் கூரை. சுவரோரம் சுருட்டி வைத்த பாய்கள். ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு பிளாஸ்டிக் வாளி, அதன்மேல் சாயத்தில் வார்டு எண். இருக்கிற ஒரு பிளக் பாயிண்டைச் சுற்றிச் செல்பேசிகள் கன்றுக்குட்டிகள் மாதிரி மொய்த்துக் கிடந்தன. பின்கட்டில் ஒரு சிமென்ட் தொட்டி. அதில் மலைபோலப் போர்வைகள். அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்தாள். அதன்பிறகு தினமும் போனாள்.

தொட்டிக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்து துவைக்கிற ஒரு பெண்ணோடு பழக்கமானது. சந்தை ஊர்க்காரி. அவளுடைய கணவர் காய்கறிக் கடை வைத்திருந்தவர். ஒரு கால் போய்விட்டது, முதுகிலும் காயம். சத்தம் கேட்டால் இன்னும் உடம்பு தூக்கிப்போடுகிறது என்று சொன்னாள். சாதாரணமாகத்தான் பேசிக்கொண்டிருந்தாள். திடீரென்று துவைப்பதை நிறுத்தினாள்.

"அக்கா, ஒங்க கொரல் எங்கயோ கேட்ட மாதிரியே இருக்கு."

"பஸ் ஸ்டாண்டுல அறிவிப்பு குடுக்கறது நான்தான் தங்கச்சி."

"அதான் பாத்தேன்!" அவளுக்கு ஒரு சந்தோஷம். பிறகு போர்வையைப் பிழிந்துகொண்டே சொன்னாள்: "எங்க சந்தைக்கு அந்தப் புள்ளைங்க ஆட்டோ வந்துச்சுல்ல, அதுலயும் இப்படித்தான் ஒரு பொம்பள பேசும். கேட்டா நெஞ்சு கரையும். எங்க வீட்டுக்காரரு தராசுத் தட்டுல கெடந்த சில்லறைய எண்ணிக்கூடப் பாக்காம அப்படியே அள்ளிப் போட்டாரு. நான் சண்டை போட்டேன். 'அந்தம்மா பாத்துட்டு வந்து அழுவுது, நீ ஏன்டி இப்படி இருக்க'ன்னாரு."

மைக்கக்கா குனிந்து சோப்பைத் தேடினாள். சோப்பு அவள் கையிலேயே இருந்தது.

வழக்கு நீதிமன்றத்துக்கு வந்தது. பெண் அதிகாரி போனில் கூப்பிட்டு எச்சரித்தார். "அந்த ஆளோட வக்கீல் ஒங்க பதிவத்தான் தூக்கிப் புடிக்கப் போறாரு. கிடங்குல முன்னாடி இல்லம் இருந்துச்சு, அப்புறமாக் காலி பண்ணிட்டாங்க, இந்தம்மாவே போய்ப் பாத்திருக்காங்கன்னு வாதம். நீங்க தெளிவா இல்லன்னு சொல்லணும். நாலு பேரு முன்னாடி."

நாலு பேர் என்றால் யார் யார் என்று அவளுக்குத் தெரியும்.

"வேலை போயிடுமாங்க?" என்று கணவரைக் கேட்டாள்.

"போனா போவட்டும். ரெண்டாவது மெஷினு துருப்புடிச்சுக்கிட்டுத்தான் கெடக்குது." கொஞ்ச நேரம் கழித்து, "பொத்தான் தைக்கக் கத்துக்க மொதல்ல" என்றார்.

நீதிமன்ற அறையில் மின்விசிறிகள் கடகடத்தன. பின் வரிசையில் மூட்டைக்காரரும் இன்னும் சில நிலையத்து ஆட்களும். செயலாளர் கூண்டில் அதே மடிப்புக் கலையாத சட்டையில் நின்றிருந்தார். அவளைப் பார்த்து வணக்கம்கூடச் சொன்னார்.

பதிவை ஓடவிட்டார்கள். அவளுடைய குரல் அந்த அறையை நிரப்பியது. முந்தானை வாக்கியம் வந்தது. ஒரு கண நிறுத்தம். மூக்கை உறிஞ்சுகிற அந்தச் சின்னச் சத்தம். அவளுக்குக் காதைப் பொத்திக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

"இது உங்க குரல்தானே?" என்றார் வக்கீல்.

"ஆமாங்க."

"என் கண்ணால் பார்த்தேன்னு சொல்றீங்க."

"சொன்னேங்க. பாக்கல."

"அப்போ பொய்யா?"

"பொய்ங்க."

"எழுதிக் குடுத்ததைப் படிச்சேன்னு போலீஸ்கிட்ட சொல்லிருக்கீங்க. அழுதீங்களே, அதையுமா எழுதிக் குடுத்தாங்க?"

 தப்பிக்க அவளுக்கு ஒரு வாசல் அப்போதும் திறந்துதான் இருந்தது. அழுகை தானாக வந்துவிட்டது என்றால் யார் மறுக்கப் போகிறார்கள்?

"அது எழுதல. நானாப் போட்டது. மொதல் தடவ படிச்சது நல்லா இல்லன்னு, ரெண்டாவது தடவ நானே கேட்டு வாங்கிச் செஞ்சேன்."

நீதிபதி கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளைப் பார்த்தார். வக்கீல் கைகளை விரித்தார்.

"இவ்வளவு சுலபமாப் பொய் சொல்றவங்க இன்னிக்கு சொல்றது மட்டும் எப்படி உண்மையாகும்?"

"என்னை நம்ப வேணாங்கய்யா" என்றாள். குரல் உடைந்தது, நிலையத்தில் யாரும் கேட்டிராத கரகரப்பு. "அங்க ஒரு புள்ள இருந்துச்சான்னு அக்கம்பக்கத்துல போய்க் கேக்கச் சொல்லுங்க. நான் அன்னிக்கு ஒரு நடை போயிருந்தாலே போதும்ங்கய்யா. போகலையே."

வெளியே தாழ்வாரத்தில் மூட்டைக்காரர் காத்திருந்தார். ஆத்திரப்படுவார் என்று அவள் எதிர்பார்த்தாள். அவர் குரலே எழும்பவில்லை.

"அவன் ஏமாத்துனான். சரி, அவன் தொழிலு அது. அன்னிக்கு நான் மேல ஏறி வந்து ஒங்ககிட்ட வாய்விட்டுக் கேட்டேன். ஆமான்னீங்களே."

"தப்புதான் தம்பி."

"எங்க பசங்க முதுகு வலிக்கத் தூக்கின காசுங்க அது. ஒங்களச் சொல்லித்தான் வாங்கினேன் நான்." தலைத்துண்டை உதறிக்கொண்டு நடந்துவிட்டார். அன்றோடு அவளை அக்கா என்று கூப்பிடுவதை நிறுத்தினார்.

மறுவாரம் மேலாளர் அவளை மைக்கிலிருந்து எடுத்துப் பயணிகள் பைகளை வாங்கி வைக்கிற கவுண்டருக்கு மாற்றினார். தண்டனை என்று எழுத்தில் எதுவும் தரவில்லை. "கொஞ்ச நாளைக்கு ஒங்க கொரல் வேணாம்மா. ஜனங்க ஒரு மாதிரி இருக்காங்க" என்றார், தரையைப் பார்த்துக்கொண்டு.

எல்லாவற்றையும்விட அவள் பயந்தது கூடத்துக்குப் போகத்தான். சாட்சி விவரம் செய்தியில் வந்திருந்தது. போகாமல் இருந்துவிடலாமா என்றுகூட நினைத்தாள். போனாள். சந்தை ஊர்க்காரி தொட்டியடியில் இல்லை. வார்டில் இருக்கிறாள் என்று பெரிய சிஸ்டர் முகத்தைக் காட்டாமல் சொன்னார்.

கட்டிலுக்குப் பக்கத்தில் அந்தப் பெண் நின்றுகொண்டிருந்தாள். கணவர் மாத்திரை மயக்கத்தில் இருந்தார். போர்வை ஒரு பக்கம் தட்டையாகப் படிந்திருந்தது.

"நீங்கதானா அது?"

"நான்தான்."

"தெனம் என்கூட ஒக்காந்து தொவைச்சீங்களே. ஒரு நாளு சொல்லத் தோணலியா?"

"தினம் தோணும். சொல்ல தைரியம் வரல தங்கச்சி."

 அந்தப் பெண்ணின் தாடை இறுகி இறுகித் தளர்ந்தது. அறைவாள், அறையட்டும் என்று மைக்கக்கா நின்றாள். கட்டிலில் இருந்தவர் வலியில் முனகினார். அந்தப் பெண் அவர் தோளுக்கடியில் கையைக் கொடுத்தாள்.

"ஒங்கமேல கோவப்படறதுக்குக்கூட எனக்கு இப்ப நேரமில்ல. ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவ இவரைத் திருப்பிப் போடணும், இல்லன்னா முதுகு புண்ணாயிடும். அந்தப் பக்கம் புடிங்க."

பிடித்தாள். கனமான மனிதர். திருப்பியபோது அவருடைய நெற்றி அவள் தோளில் சாய்ந்து, வியர்வை ரவிக்கையில் ஒட்டியது. அவர் கண்ணைத் திறக்காமலே, "யாரு?" என்றார். "ஒதவிக்கு வந்திருக்காங்க" என்றாள் மனைவி. வேறெதுவும் சொல்லவில்லை.

அவர்கள் ஊர் திரும்புகிறவரை மைக்கக்கா அந்தக் கட்டிலுக்கும் தொட்டிக்குமாக நடந்தாள். அந்தப் பெண் வேலை சொல்லுவாள், இவள் செய்வாள். பழைய பேச்சு திரும்பவில்லை.

செயலாளருக்கும் கூட்டாளிகள் இருவருக்கும் தண்டனை கிடைத்தது. பணத்தை வாங்கிக்கொண்டவர்களில் சிலர் கடைசிவரை அகப்படவில்லை. பெரிய சிஸ்டரின் கூடம் தட்டுத் தடுமாறி மேலே வந்தது. கடைக்காரர்கள் உண்டியலைத் திரும்ப வைக்க யோசித்தபோது சிஸ்டர் கெஞ்சவில்லை. "மாசம் ஒருத்தர் வாங்க. அரிசி மூட்டையத் தொறந்து பாருங்க, பாங்கு கணக்கப் பாருங்க, படுத்திருக்கறவங்ககிட்ட கேளுங்க. திருப்தின்னா போடுங்க" என்றார். வந்தார்கள். சிலர் வெறும் வேடிக்கைக்கு வந்துவிட்டு, சாப்பாட்டு நேரத்தில் பரிமாற நின்றுவிட்டார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மூட்டைக்காரரும் வந்தார். சமையல் பாத்திரத்தின் மூடியைத் தூக்கிப் பார்த்தார், அரிசி எங்கே வாங்குகிறீர்கள் என்றார், வாங்கின கடைக்கே போய் விசாரித்துவிட்டும் வந்தார். எல்லாவற்றையும் சிஸ்டரிடம் கேட்டார். ஈரப் போர்வையோடு நின்றிருந்த மைக்கக்காவைப் பார்த்து, "இவங்க தெனம் வர்றாங்களா?" என்று அதையும் சிஸ்டரிடமே கேட்டார்.

"தெனம் வருவா. ஒண்ணும் பேசமாட்டா."

மூட்டைக்காரர் கிட்டே வந்தார். பிறகு போர்வையின் மறுமுனையைப் பிடித்துப் பிழிய உதவினார். போய்வருகிறேன் என்று அவளிடம் சொல்லவில்லை.

புதிய மேலாளர் வந்ததும் அவளைத் திரும்ப மைக்குக்கு அழைத்தார். அவள் வேண்டாம் என்றுவிட்டாள். அதில் கணவருக்கு வருத்தம்தான். "செஞ்சதுக்கு எத்தனை நாளு வாய மூடிக்கிட்டுத் திரிவ?" என்று ஒருமுறை கடுமையாகவே கேட்டார்.  புது ஆட்கள் யாராவது எந்த இல்லத்துக்காவது கொடுக்கலாமா என்று வந்து கேட்டால், "எனக்குத் தெரியாது. லீவு போடுங்க, நானும் வர்றேன், போய்ப் பாக்கலாம்" என்பாள். சிலர் வருவார்கள். பெரும்பாலானவர்கள் சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள்.

காய்கறிக்காரர் சந்தையில் மறுபடி கடை போட்டுவிட்டதாக, அந்த ஊர் வண்டி நடத்துனரிடம் சந்தை ஊர்க்காரி சொல்லி அனுப்பியிருந்தாள். அவ்வளவுதான் செய்தி. வா என்றும் இல்லை, வராதே என்றும் இல்லை. நிலையத்து ஊழியர் என்பதால் மைக்கக்கா அந்த வண்டியில் இலவசமாகவே போகலாம். இரண்டு தடவை ஏறி உட்கார்ந்தும் இருக்கிறாள். புறப்படுவதற்குள் இறங்கிவிட்டாள்.